பாண் வண்டிப் பாட்டுக்குச் சுருதி வைத்தவர்

என் மனுசன் தயாபரன் தொடங்காத வேலை இந்த முள்ளியவளையில் இல்லை. முடித்த வேலையைக் காட்டு என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வாய் அடைத்துப்போகும். எங்கள் குசினிச் சுவர் பாதி நீலம், பாதி வெறும் சீமெந்து. ஒரு தீபாவளிக்குத் தொடங்கிய பெயின்ற் அது. எத்தனையோ தீபாவளி வந்து போய்விட்டது, நீலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலிக்கரையில் இரண்டு தேனீப் பெட்டி கிடக்கிறது, தேனீ இல்லாமல். சிங்களம் படிக்கிறேன் என்று வகுப்புக்குப் போனார். எதிரில் வருகிறவரிடம் சுகம் கேட்கப் பழகினார். அவர் சொல்லும் பதில் விளங்குவதற்கு முன்னரே வகுப்பை விட்டுவிட்டார்.

கெட்ட மனுசன் இல்லை. இருந்த இடத்தில் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். கதிரையில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு காரியத்தில் கை வைத்தால் மறுநாளே பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் "இது எனக்குச் சரிவராது விமலா" என்று எழும்பிவிடுவார். அவர் விடாமல் செய்கிற ஒரே வேலை பாண் ஓட்டோ ஓடி வீடு வீடாக விற்பது. விடிய ஏற்றிய பாண் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும் அல்லவா, செய்ததற்கு அடையாளம் அன்றன்றைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் அந்த வேலை தப்பியது என்று நான் நினைக்கிறேன்.

பேக்கரியில் பாணும் பணிசும் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்று, வற்றாப்பளைப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார். நாடு முழுக்கப் பாண் வண்டிக்கு இருக்கிற அந்த ஒரே பாட்டுத்தான் இவருடைய வண்டியிலும். பாட்டுப் பெட்டிக்குத் தனியாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பற்றறி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் அதைச் சார்ஜில் போட என்னுடைய குசினிப் பிளக்தான் அவருக்கு வேண்டும். நான் சம்பல் அரைக்கப் பிளக் இல்லாமல் அல்லாடுவேன். விடிய அந்தப் பாட்டுத் துள்ளிக்கொண்டு படலையைத் தாண்டும். மத்தியானம் திரும்பி வரும்போது பாட்டும் இவரைப் போலவே களைத்து இழுபட்டு வரும். கேட்டால் எனக்கு நித்திரை கண்ணைச் சுழற்றும். இத்தனை வருசமாகக் கேட்டுக் கேட்டு அதுவும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள், யதுர்ஷிகா. வயது பதினேழு. சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் எடுத்துவிட்டு, கணிதத்தைக் கோட்டைவிட்டாள். திரும்ப எழுது என்றால் கேட்கமாட்டாள். "எனக்கு மண்டை இல்லை அம்மா. எழுதிப் பாத்தாச்சு. நான் காமென்ற்ஸுக்குப் போறன்" என்று ஒரே பிடி. உடுப்புத் தைக்கிற அந்தக் காமென்ற்ஸ் வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கலியாணத்துக்கு முன்னர் நானே தையல் மெசினில் இருந்து உழைத்தவள்தான். ஆனால் இவள் வேலைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள். அந்த ஓட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கண்டறியாத கிற்றார் வீட்டுக்குள் வந்தது. முல்லைத்தீவு ரவுணில் போன் கடை வைத்திருந்த அர்ஷாக் கட்டாருக்கு வேலைக்குப் போனான். இவரிடம் கிம்புலா பணிஸ் வாங்கிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சிநேகமானவன். போகிற அன்று, "தயா அண்ணன், இது இஞ்ச சும்மா தூசு பிடிக்கும். நீங்க எடுத்துப் பழகுங்க" என்று கொடுத்துவிட்டானாம். இவர் அதைப் பாண் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊர்கோலமாகக் கொண்டுவந்தார்.

மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "இது எத்தினை நாளைக்கு அப்பா?"

"பாரன், இந்த முறை விடமாட்டன்."

"தேனீப் பெட்டிக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்."

இவருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நீ மட்டும் என்ன திறம்? ஒருக்கா எழுதிப்போட்டு விட்டிட்டு இருக்கிறாய்."

"அப்ப உங்களை மாதிரித்தானே இருக்கிறன்" என்றாள்.

குசினியில் கறி கிளறிக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது. இவர் கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைக்கும் சொன்னபிறகு சங்கடமாக இருந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளே தொடங்கினாள்.

"சரி. ஒரு பாட்டை முழுசா வாசியுங்கோ. போனில பாட்டுப் போகவேணும், நீங்கள் கூடவே வாசிக்கவேணும். இடையில நிக்கக்கூடாது. ஒத்து வரவேணும். வாசிச்சியள் எண்டா நான் கணக்குத் திரும்ப எழுதுறன். இல்லையெண்டா என்னைக் காமென்ற்ஸுக்குப் போக விடவேணும். பிறகு ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

"எப்ப வரைக்கும்?"

"பரீட்சைக்கு விண்ணப்பம் முடியுமட்டும்."

"ஓம்" என்றார் மனுசன், ஒரு நிமிசம்கூட யோசிக்காமல். நான் அகப்பையோடு வெளியே ஓடிவந்தேன். "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? பரீட்சையை வைச்சுப் பந்தயமோ?" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? என் பிள்ளையின் படிப்பைக் கொண்டுபோய் இந்த மனுசனின் விரலில் கட்டிவிட்டார்கள். அன்றைக்குத் தொடங்கியது எனக்கு அந்தரம்.

பாட்டை அவரே தெரிந்தெடுத்தார். எங்கள் கலியாண வீடியோவில் நாங்கள் படியிறங்கி வரும்போது போட்டிருந்த பாட்டு அது. கசெற், சண்டைக்கு நாங்கள் இடம்பெயர்ந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. பாட்டு மட்டும் இப்போது போனில் கிடைக்கிறது. அதைக் கேட்டதும் நான் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது உண்மைதான். ஆனால் இவர் வாசிக்கத் தொடங்கியதும் அந்த நினைப்பெல்லாம் பறந்துவிட்டது.

கிற்றாரில் கோட் என்று ஒன்று இருக்கிறதாம். மூன்று நாலு விரலை வெவ்வேறு கம்பியில் ஒரே நேரத்தில் அமர்த்திப் பிடிப்பது. ஜீ, சீ, டீ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். இந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு கைப்பிடி கோட் போதும். ஆனால் கடைசி அடிகளுக்கு முன்னர் எஃப் என்று ஒரு சனியன் வரும், அதற்குச் சுட்டுவிரலைப் படுக்கவைத்துக் கம்பியெல்லாவற்றையும் ஒன்றாக அமத்த வேண்டும். பிடிப்பதைவிட ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதுதான் பெரிய பாடு. பாட்டு உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. இவருக்கோ ஒவ்வொரு விரலாகத் தூக்கி, பார்த்து, வைத்து, திரும்பப் பார்த்து... ஐயோ, அந்த இடைவெளியில் நான் செத்துப் பிழைப்பேன்.

விரல் நுனியெல்லாம் கொப்புளம். மறுநாள் சூடான பாணை எடுத்துக்கொடுக்கும்போது "ஸ்... ஸ்..." என்பாராம். வாடிக்கையான பெண்டுகள் கை சுட்டுவிட்டதோ என்று கேட்டால், "இல்லை அக்கா, கிற்றார்" என்று பெருமையாகச் சொல்வாராம். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு கிற்றாரைத் தூக்குவார். போனில் ஒரு பெடியன் சொல்லிக்கொடுக்கிற வீடியோவைப் பார்ப்பார், அவன் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்ப்பார், தன் விரலைப் பார்ப்பார், முகம் கறுக்கும். அவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்தால் முகம் கறுக்காமல் என்ன செய்யும்? அவன் பால் குடிக்கிற வயதிலிருந்து வாசிக்கிறானோ என்னவோ.

சுருதி வைப்பதுதான் இவருக்கு முதலில் பிடிபடவில்லை. கம்பிகளை எந்த அளவுக்கு முறுக்குவது என்று கட்டாருக்கு அழைப்பெடுத்து அர்ஷாக்கைக் கேட்டார். அவன் சிரித்துவிட்டு, "உங்கட பாண் வண்டிப் பாட்டு இருக்கே அண்ணன், அதில முதல்ல வாற சத்தம்தான் ஆக மெல்லிய கம்பிட சத்தம். அதை வச்சு ஒண்டைச் சரிபண்ணுங்க. மத்தக் கம்பியெல்லாம் அதோட ஒத்துப் பாத்து வைக்கலாம்" என்றான். இவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புழுகம். சுருதி பார்க்கப் போனிலேயே வழி இருக்கிறது என்று மகள் சொன்னதற்கு, "எனக்கு ஏன் அது? சுருதி என்ர வாசலில நிக்குது" என்றார். அன்றிலிருந்து மத்தியானம் வந்து இறங்கியதும் வண்டியின் பாட்டைப் போட்டு, பக்கத்தில் குந்தியிருந்து, ஆணியை முறுக்கிச் சுருதி வைப்பார். ஒழுங்கையால் போகிற சனம் இந்த நேரத்தில் பாணோ என்று எட்டிப் பார்க்கும்.

கொஞ்ச நாள் போனது. வழக்கமான அந்த முகம் வரத் தொடங்கியது. எனக்குத்தான் அது தெரியுமே. முதலில் பெருமூச்சு. பிறகு கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்ப்பது. ஒருநாள் நான் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறேன், இவர் வாசலில் இருந்தபடி சொன்னார்:

"இது எனக்குச் சரிவராது விமலா. தொடங்கின அண்டைக்கு நிண்ட இடத்திலேயே நிக்கிறன்."

பிள்ளையின் கணக்கு அந்த வாசலால் இறங்கிப் போவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஆர் சொன்னது? நிண்ட இடத்திலயோ நிக்கிறியள்? நீங்கள் முதல் முதல் ஜீயில இருந்து சீக்குப் போறதுக்கிடையில நான் பாதித் தேங்காயைத் திருவி முடிச்சிடுவன். நான் திருவி முடிச்சாலும் உங்கட விரல் போய்ச் சேராது. இப்ப என்ன? நாலு இழுவை இழுக்க முந்தி மாறிறியள். எனக்குப் பாட்டும் தெரியாது ஒரு கோதாரியும் தெரியாது. ஆனா தேங்காய் தெரியும்."

இவர் என்னையும் திருவலையையும் மாறி மாறிப் பார்த்தார். "உண்மையே?"

"நான் ஏன் உங்களுக்குப் பொய் சொல்லுறன்? வாசியுங்கோ, நான் திருவுறன். நீங்களே பாருங்கோ."

வாசித்தார். நான் திருவினேன். நாலு கூட இல்லை, மூன்றாவது இழுவையில் மாறிவிட்டார். அந்த மனுசனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அதோடு பிடித்தது எனக்குச் சனி. "விமலா, தேங்காய் எடும்" என்பார், வேளை பார்க்கமாட்டார். தேங்காய் விற்கிற விலைக்கு இவருக்கு அளவுகோல் தேங்காய். காலமை சம்பல், மத்தியானம் பாற்சொதி, பின்னேரம் தேங்காய்ப்பூவும் சீனியும். "அப்பா கிற்றார் பழகுறதுக்குள்ள எங்களுக்குக் கொழுப்பு வந்திடும்" என்று மகள் சிணுங்கினாள். நான் திருவிக்கொண்டே இருந்தேன். மூன்று இழுவை இரண்டானது. பிறகு ஒன்றானது. இவரும் கிற்றாரை விடவில்லை, அதுதான் எனக்கு வேண்டியது.

எஃப் மட்டும் அடங்க மறுத்தது. அது வரும்போது கம்பி இரையும், இவர் பல்லைக் கடிப்பார், நிற்பார். பல்லைக் கடித்துக் கடித்து ஒருநாள் அதையும் நிற்காமல் தாண்டிவிட்டார். தனியே இருந்து பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. படியிறங்கி வந்த அந்தப் பாட்டேதான்.

"இனிப் போனோட வாசிக்கிறன்" என்றார். பந்தயம் அதுதானே.

போனில் பாட்டைப் போட்டு, கூடவே வாசித்தார். கடவுளே! இரண்டு பேர் ஒரு படலையில் நின்று சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. விரல் சரி, மாறுகிற நேரம் சரி, ஆனால் போன் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம். திரும்ப வாசித்தார். திரும்பவும் அதே சண்டை. எனக்கே காதைப் பொத்த வேண்டும் போலிருந்தால் இவருக்கு எப்படியிருக்கும்? பொழுதுபடும் மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்தக் கிழமை பேக்கரி முதலாளி வீட்டில் ஒரு செத்தவீடு. வண்டி ஓடவில்லை, வாசலிலேயே நின்றது. இவர் வழமைபோலப் பாட்டைப் போட்டுச் சுருதி வைத்தார், போனைப் போட்டார், வாசித்தார். ஒத்து வந்தது! நம்பமாட்டீர்கள், தேனாக ஒத்து வந்தது. பாதிப் பாட்டில் சந்தோசம் தாங்காமல் அடுத்த கோட் எது என்பதை மறந்து நின்றுவிட்டார், அதனால் பந்தயக் கணக்கில் சேராது. "நாளைக்கு முழுசா வாசிக்கிறன் பிள்ளை, நீ புத்தகத்தைத் தூசு தட்டு" என்று துள்ளினார்.

மறுநாள் பாண் ஓடிவிட்டு வந்து வாசித்தார். பழையபடி சண்டை. அதற்கு மறுநாளும் அப்படியே.

அது அவரை முறித்துவிட்டது. வராதது வராமலே இருந்திருந்தால் தாங்கியிருப்பார். நேற்று வந்தது இன்றைக்கு வரவில்லை என்றால் மனுசன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? என் தேங்காயும் அதற்கு உதவவில்லை. விரலின் ஓட்டத்தைத்தான் அது அளக்கும்.

"விரலில பிழையில்லை விமலா. என்ர காதிலதான் பிழை. சிலபேருக்குக் காது இருக்காதாம். எனக்கு இல்லை, அவ்வளவுதான்."

விண்ணப்பம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூட்டின வளவைத் திரும்பக் கூட்டுவேன். அடுப்பில் வைத்ததை மறந்து வாசலுக்குப் போவேன். வீட்டுக்குள் இன்னொன்றும் அப்படியே திரிந்தது. யதுர்ஷிகா. பந்தயத்தில் வெல்லப்போகிறவள் சந்தோசமாக இருக்க வேண்டாமா? சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். தகப்பன் வண்டி வருகிற சத்தம் கேட்டால் எழும்பி வாசலுக்கு வருவாள், ஏதோ சொல்ல வாய் எடுப்பாள், உள்ளே போய்விடுவாள். விடிய நான் எழுப்பினாலும் எழும்பாத பிள்ளை, வண்டி புறப்படும்போது யன்னலடியில் நிற்பாள். எனக்கு வேறு பயம் பிடித்தது. எந்தப் பெடியனோ என்று அவளுடைய போனைக்கூட எட்டி எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு பின்னேரம் இவர் கிற்றாரைத் துடைத்து, பேக்கரியில் கொண்டுவந்த வெறும் கோதுமை மாப்பைக்குள் போட்டுக் கட்டினார். அர்ஷாக்கின் தம்பியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். அடுத்த நாள் காலமை வண்டியில் கொண்டுபோவாராம்.

"பிள்ளை, நீ வெண்டிட்டாய்" என்றார் மகளைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வெடித்துவிட்டேன். "ஓம், வெண்டிட்டாய்! கொண்டாடு! அப்பனும் மகளும் நல்லாச் சோடி சேர்ந்தியள். ஒருத்தருக்குக் காது இல்லையாம், மற்றவளுக்கு மண்டை இல்லையாம். எனக்குத்தான் ஒண்டுமே இல்லை, உங்களைக் கட்டி மாரடிக்கிறன்!" கத்திவிட்டுக் குசினிக்குள் போய் அந்தப் பாதி நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

விடிந்தும் விடியாத நேரம். நான் வாசலடியில் இருந்து புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். இவர் பிளக்கிலிருந்து பற்றறியைக் கழற்றிக்கொண்டுபோய் வண்டியில் பூட்டி, வேலை செய்கிறதா என்று பார்க்க வழமைபோலப் பாட்டை ஒருதரம் போட்டார். மாப்பை மூட்டை முன்சீற்றில் இருந்தது. பாட்டுத் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ!"

யதுர்ஷிகா தலைமுடி கூட வாரி இழுக்காமல் ஓடிவந்தாள். மூட்டையை அவிழ்த்துக் கிற்றாரை எடுத்தாள். "திரும்பப் போடுங்கோ. முதல்ல வாற சத்தம் மட்டும்."

இவர் ஒன்றும் விளங்காமல் போட்டார். அவள் மெல்லிய கம்பியைத் தட்டினாள். எனக்கே கேட்டது: பாட்டு மேலே நிற்கிறது, கம்பி கீழே கிடக்கிறது.

"நேற்று மத்தியானம் இந்தப் பாட்டுக்குத்தானே சுருதி வைச்சனீங்கள்? இப்ப ஏன் ஒத்து வரேல்லை?"

"கம்பி இளகியிருக்கும் பிள்ளை."

"கம்பி இளகேல்லை. உங்கட பாட்டுத்தான் இறங்குது. விடிய பற்றறியில சார்ஜ் முழுக்க இருக்கு, பாட்டு உயரத்தில நிக்குது. ஊரெல்லாம் அடிச்சுப்போட்டு நீங்கள் வரேக்க பற்றறி இறங்கி, பாட்டும் இறங்கி இழுபட்டுக்கொண்டு வருது. அந்த இறங்கின பாட்டுக்குச் சுருதி வைச்சா போனோட எப்பிடி ஒத்து வரும்? செத்தவீட்டண்டைக்கு வண்டி ஓடேல்லை, அதுதான் அண்டைக்கு மட்டும் வந்தது." மூச்சு வாங்கினாள். "உங்கட காதில ஒரு பிழையும் இல்லை."

மனுசன் குனிந்து பற்றறியைப் பார்த்தார். நான் திருவலையில் இருந்தபடி நெற்றியில் அடித்துக்கொண்டேன். களைத்து வரும் அந்தப் பாட்டை எத்தனை வருசமாகக் கேட்கிறேன்! பற்றறி ஏறுவது என்னுடைய பிளக்கில்! சுருதி என் வாசலில் நிற்கிறது என்று பெருமை அடித்தவருக்கு அது நாளுக்கு ஒரு இடத்தில் நிற்பது தெரியவில்லை, எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளே ஆணியை முறுக்கினாள். கம்பி ஏறி ஏறிப் பாட்டோடு போய்ச் சேர்ந்தது. மற்றக் கம்பிகளை இவர் சரிசெய்தார். போனைப் பாண் பெட்டிக்கு மேல் வைத்து, கலியாணப் பாட்டைப் போட்டார்கள். இவர் வண்டியின் படியில் குந்தியிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

ஒத்து வந்தது. முதல் அடி போனது, அடுத்தது போனது. நான் பழக்கத்தில் திருவலையில் கையை வைத்தேன், ஒரு இழுவை இழுக்க இடம் தரவில்லை மனுசன். நடுவில் பேக்கரியில் இருந்து அழைப்பு வந்துவிடுமோ, பாட்டு நின்றுவிடுமோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. எஃப் வந்தது. கம்பி இரைந்தது. இரைந்தால் இரையட்டும், நிற்கவில்லை அவர். கடைசி அடியும் முடிந்து, போனில் சத்தம் ஓய்ந்து, இவர் கை ஓய்ந்தது.

"ஒத்து வந்ததே பிள்ளை?"

"வந்தது அப்பா."

"எல்லா இடத்திலயுமோ?"

"எல்லா இடத்திலயும்."

எழும்பி நின்றார், இருந்தார், திரும்ப எழும்பினார். என்னிடம் ஓடிவந்து, "விமலா, கேட்டனீரே? எங்கட பாட்டு!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அதற்குள் போன் அடித்தது. பேக்கரியில் பாண் ஆறுகிறதாம், எங்கே நிற்கிறாய் என்று கத்துகிறார்கள். மாப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு, கிற்றாரை என் மடியில் திணித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். பந்தயம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. பாட்டு ஒழுங்கை முடிவு வரைக்கும் துள்ளிக்கொண்டு போனது.

யதுர்ஷிகா படியில் இருந்தாள். நான் தேங்காயைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"உனக்கு எப்ப பிள்ளை இது தெரியும்?"

"ஒரு கிழமை இருக்கும். செத்தவீட்டுக்கு மற்றநாள் சந்தேகமா இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் விடியவும் மத்தியானமும் கேட்டுப் பாத்தன்."

யன்னலடியில் நின்ற பிள்ளையை எந்தப் பெடியனோ என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. "சொல்லாம இருந்திருந்தா நீ வெண்டிருப்பாய்."

"ஓம். சொல்லாமத்தான் இருந்தனான்."

"பிறகு?"

கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினாள்.

"அப்பா தனக்குக் காது இல்லையெண்டு சொன்னவர் அம்மா. அதை நம்பியும் போட்டார். அது பொய் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடி இருக்கிறது?"

"மண்டை இல்லாத பிள்ளை இதையெல்லாம் கண்டுபிடிக்குமோ?" என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு இப்படி வாயை அடக்கத் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. புட்டுக்குப் போதும் போதும் என்ற பின்னரும் திருவிக்கொண்டே இருந்தேன்.

"விண்ணப்பம் எப்ப முடியுது?" என்றாள் மண்ணைப் பார்த்தபடி.

"வெள்ளிக்கிழமை."

"சரி. ஆனா திரும்பவும் பிழைச்சுதெண்டா என்னைப் பேசக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"பேசுவன்" என்றேன். "பேசிப்போட்டு, திரும்ப எழுது எண்டுவன்."

அவள் சிரித்தாள். பிறகு உள்ளே போய் எதையோ தேடினாள், பழைய பள்ளிக்கூடப் புத்தகம் கிடக்கிற அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கித் தேங்காயும் தெரியவில்லை, திருவலையும் தெரியவில்லை, விரலைக் கீறிக்கொண்டேன்.